சிப்பி குவிந்த வாசல்கள்

கல்நண்டு பிடிக்க இறங்குகிறவன் கடலடியில் முதலில் தேட வேண்டியது குப்பையை. பாறை விளிம்புக்கு அடியில் மணல் பறிக்கப்பட்டு, அதற்கு முன்னால் சிப்பி ஓடுகள் சிதறிக் கிடந்தால் அங்கே ஒரு குடியிருப்பு உண்டு. ஓடுகளில் பாசி படர்ந்திருந்தால் வீடு காலியாகி நாளாயிற்று. உடைந்த ஓரம் வெள்ளையாக, விரல் பட்டால் கீறும் கூர்மையோடு இருந்தால் முந்தின இரவு அங்கே சாப்பாடு நடந்திருக்கிறது. ஆள் உள்ளேதான் இருக்கிறது. சிப்பியோடு சேர்ந்து நண்டின் ஓடும் கிடந்தால் வீட்டுக்காரர் மாறிவிட்டார். நண்டைத் தின்றுவிட்டு ஆக்டோபஸ், எங்கள் ஊர்ப் பேய்க்கணவாய், உள்ளே படுத்திருக்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவரை அந்தப் படகுத்துறையில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகினேன். ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில், டாம்பா விரிகுடா கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தின் தென்கோடியில் அவருடைய படகு கட்டிக் கிடக்கும். 1990களின் தொடக்கத்தில் வேலைக்காக அங்கே போய்ச் சேர்ந்தவன் நான். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் கடலோரத்தில் வளர்ந்தும், கடலின் அடியில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்தது அந்த ஊரில்தான். இப்போது ஊர் திரும்பிவிட்டோம். ஆனாலும் அக்டோபர் நடுப்பகுதி வந்தால் மனம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. அங்கே கல்நண்டுப் பருவம் தொடங்கும் நாள் அக்டோபர் 15. நான் இருந்த காலத்தில் மே 15 வரை பிடிக்கலாம். கோடையில் முட்டையிடும் பருவம். அப்போது தொடக் கூடாது.

கேப்டன் எங்களை முதலில் கூட்டிப்போனது பழைய சன்ஷைன் ஸ்கைவே பாலத்தின் இடிபாடுகளுக்கு. 1980 மே 9 அன்று காலை, புயல்மழையில் கண் தெரியாமல் வந்த சம்மிட் வெஞ்சர் என்ற சரக்குக் கப்பல் அந்தப் பாலத்தின் தூணில் மோதியது. பாலத்தின் ஒரு பகுதி அப்படியே சரிந்து விழுந்தது. ஒரு பேருந்தும் பல கார்களும் கடலுக்குள் போயின. 35 பேர் இறந்தார்கள். புதிய பாலத்தை 1987இல் திறந்தார்கள். நான் போன புதிதில் பழைய பாலத்தை உடைத்து அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. கரையோரத்து நீண்ட பகுதிகளை மட்டும் தூண்டில் போடுகிறவர்களுக்காக விட்டுவைத்து, உடைத்த கான்கிரீட்டைப் பக்கத்திலேயே கடலில் கொட்டி மீன்களுக்குச் செயற்கைப் பாறையாக்கினார்கள். கேப்டனுக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருந்தது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. அந்த இடத்தில் இறங்குவதற்கு முன்னால் மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் சும்மா நிற்பார். நானும் என்னோடு வந்த தம்பியும் அவரைப் பார்த்து அதையே செய்யத் தொடங்கினோம்.

தம்பி என்றால் கூடப் பிறந்தவன் அல்ல. தூத்துக்குடிக்காரன், என்னைவிட பத்து வயது இளையவன், அண்ணாச்சி, அண்ணாச்சி என்று ஒட்டிக்கொண்டவன். அவன் தாத்தா சங்கு குளித்தவர். எடுத்து வந்த சங்குகளை அளவுத் துளையில் விட்டுப் பார்ப்பார்களாம். சின்னது கடலுக்கே திரும்பிப் போகுமாம். கேப்டன் முதல் நாள் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை எங்கள் கையில் கொடுத்து, 2¾ அங்குலம் இல்லாத கொடுக்கைத் தொடாதே என்றபோது தம்பிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “தாத்தா கத இங்கயும் நடக்கு அண்ணாச்சி” என்றான்.

ஸ்கைவே இடிபாட்டில் தண்ணீர் இருபது அடி ஆழம் இருந்தால் அதிகம். ஆனால் விரிகுடாவின் நீர் முழுக்க அந்த வாய் வழியாகத்தான் போய்வர வேண்டும். ஏற்றமும் வற்றமும் ஓடும்போது இறங்கினால் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டுக்கும் நடுவே நீர் நிற்கிற கொஞ்ச நேரம்தான் நமக்கு. அதற்காகப் படகில் காத்துக் கிடப்போம். சிவப்பில் வெள்ளைப் பட்டை குறுக்கே ஓடும் கொடியை ஏற்றியாக வேண்டும். கீழே ஆள் இருக்கிறது என்று மற்ற படகுகளுக்குச் சொல்லும் கொடி அது. நங்கூரக் கயிறு தளர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்து கேப்டன் கையைத் தூக்குவார். சிலிண்டரின் எடையோடு பின்பக்கமாகச் சாய்ந்து விழுவோம். ஜனவரியில் அந்தத் தண்ணீர் 16, 17 டிகிரிக்கு வந்துவிடும். தடித்த ரப்பர் உடைக்குள்ளும் முதுகெலும்பு வழியே ஒரு கோடு குளிர் இறங்கும். அது உடல் சூட்டில் வெதுவெதுப்பாக மாறும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

கீழே ஆறடிக்கு மேல் கண் தெரியாது. பல நாட்களில் அதுவும் இல்லை. கான்கிரீட் பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கும். நடுவே துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பாளங்களின் அடியில் கோலியாத் களவா நிற்கும். ஆளைவிடப் பெரிய மீன். அது வாலை உதறினால் எழும் ஓசையைக் காது கேட்பதற்கு முன்னால் நெஞ்சு உணரும். 1990இல் அதைப் பிடிக்கவே கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். என் கண்ணெதிரே ஆண்டுக்கு ஆண்டு அது திரும்பி வந்தது. கடலில் போனதெல்லாம் போனதுதான் என்று யாராவது சொன்னால் நான் இந்த மீனைத்தான் சொல்வேன்.

நண்டுக்கு வருகிறேன். பொந்தின் வாயில் விளக்கை அடித்தால் முதலில் தெரிவது இரண்டு கறுப்பு முனைகள். மற்றதெல்லாம், சாம்பலும் பழுப்பும் கலந்த அந்த உடம்பு, கல்லோடு கல்லாகக் கிடக்கும். பின்பக்கமாக உள்ளே நகர்ந்து, கொடுக்குகள் இரண்டையும் முன்னால் மடக்கி வைத்துக்கொண்டு, கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கடை முதலாளி போல அது நம்மைப் பார்க்கும். நீந்தத் தெரியாத நண்டு இது. ஓடுவதிலும் வேகம் கிடையாது. அதன் பலம் முழுக்க அந்தக் கொடுக்கில். சிப்பியின் ஓட்டைப் பொடிக்கிற கொடுக்குக்கு நம் விரல் எலும்பு ஒரு பொருட்டில்லை.

கொக்கி, ஈட்டி எதுவும் கூடாது. நண்டின் உடம்பைக் குத்தவோ நசுக்கவோ கூடிய எதையும் அங்கே சட்டம் அனுமதிப்பதில்லை. எங்களிடம் இருந்தது முழ நீளப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டும் கனத்த கையுறையும்தான். குழாயை மெல்ல நீட்டினால் அது கோபத்தோடு பற்றிக்கொள்ளும். பற்றியதை விடாது. அந்தப் பிடிவாதத்தையே பிடித்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் விட்டுவிட்டு உள்ளே போய்க் காலை ஊன்றிக்கொள்ளும். பிறகு அன்றைக்கு வராது. உடம்பு பாதி வெளியே வந்ததும் மற்றக் கையால் முதுகின்மேல் அழுத்தி மணலோடு சேர்க்க வேண்டும். பிறகு பின்னாலிருந்து இரண்டு கொடுக்குகளின் அடியையும் பற்றினால் அது நம் கையில்.

வாசலில் கையை விடும்போது இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பொந்திலும் நண்டு இருக்காது. விலாங்கு இருக்கலாம். தேரை மீன் இருக்கலாம். தேரை மீன் சேற்று நிறத்தில், வாயே உடம்பாக, அசையாமல் கிடந்துவிட்டுச் சட்டென்று கவ்வும். எங்களுக்கு வழக்கமான பாறை ஒன்றில் மூன்றாவது பொந்து எப்போதும் தேரை மீனுடையது. பழையது போனாலும் புதிதாக ஒன்று வந்து அதே பொந்தில் உட்கார்ந்துவிடும்.

பிடித்த நண்டைப் புரட்டிப் பார்ப்பது முதல் வேலை. வயிற்று மடலுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைக் கொத்து இருந்தால் அப்படியே வாசலில் வைத்துவிட்டு நகர வேண்டும். ஒரு கொத்தில் லட்சக்கணக்கில் முட்டை. அடுத்து அளவுகோல். அதன் பிறகுதான் கொடுக்கு.

கொடுக்கை எடுப்பது என்கிற அந்தச் செயலை எழுதும்போது இன்றும் விரல்கள் இறுகுகின்றன. கல்நண்டை முழுதாகக் கொண்டுபோய்ச் சமைப்பதில்லை. கொடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு நண்டை உயிரோடு கடலில் விட வேண்டும். சட்டமும் அதுதான், வழக்கமும் அதுதான். கொடுக்கு உடம்போடு சேரும் இடத்தில் இயற்கையே ஒரு முறிகோட்டை வைத்திருக்கிறது. ஆபத்து வந்தால் நண்டு தானே கொடுக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தப்புவதற்கான ஏற்பாடு. அந்தக் கோட்டில் ஒரே அழுத்தில், நேராக, தயங்காமல் முறித்தால் ‘டக்’கென்று விடுபடும். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு காயத்தை மூடிக்கொள்ளும். தயங்கித் திருகினாலோ, முறிவு கோட்டைத் தாண்டி உடம்புக்குள் போய்ச் சதையைப் பிய்த்துக்கொண்டு வந்தாலோ, நண்டு ரத்தம் வடிந்து செத்துவிடும். கேப்டன் எங்களைப் பல நாட்கள் முறிக்கவே விடவில்லை. அவர் கையின் மேல் என் கையை வைத்து, அவர் முறிக்கும் அந்தக் கணத்தை உணரச் செய்தார். தண்ணீருக்கடியில் பேச்சு கிடையாது. கைதான் கைக்குச் சொல்லித் தர வேண்டும்.

ஆளுக்கு ஒரு கேலன், படகுக்கு இரண்டு கேலன், இதில் எது குறைவோ அது. அங்கே பொழுதுபோக்காகப் பிடிப்பவர்களுக்கு இதுதான் கணக்கு. ஒரு கேலன் கொடுக்கு என்பது ஒரு குடும்பத்துக்கு நல்ல விருந்து. கரைக்கு வந்ததும் கேப்டன் படகுத்துறையிலேயே அலுமினியப் பானையில் தண்ணீர் கொதிக்க வைப்பார். எட்டு நிமிடம். அதன் பிறகு பனிக்கட்டி. வேக வைக்காமல் பனியில் வைத்தால் சதை ஓட்டோடு ஒட்டிக்கொண்டுவிடும். பானையிலிருந்து எடுக்கும்போது சாம்பல் நிறமெல்லாம் போய் செம்மஞ்சளாகியிருக்கும். முனைக் கறுப்பு மட்டும் அப்படியே நிற்கும்.

முதல் முறை அந்தப் பையை வீட்டுக்குக் கொண்டுபோனபோது என் மனைவி கொட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“காலு மட்டும் இருக்கு. மிச்ச நண்டு எங்க?”

“கடல்ல விட்டாச்சு.”

“உசுரோடயா?”

“ஆமா. திரும்ப முளைக்கும்.”

“முளைக்கட்டும். அதுவரைக்கும் அது எப்படிச் சாப்பிடும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் அந்தக் கேள்வியை அப்படியே கேப்டனிடம் கொண்டுபோனேன். அவர் வெகுநேரம் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, “உன் மனைவி கேட்டது சரியான கேள்வி. அதனால்தான் நான் ஒன்றுதான் எடுக்கிறேன்” என்றார். இரண்டு கொடுக்கும் அளவுக்கு வந்திருந்தால் இரண்டையுமே எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கேப்டன் எடுத்ததில்லை. அவரோடு வந்தவர்களையும் எடுக்க விட்டதில்லை. கொடுக்கு இரண்டும் ஒன்றல்ல: ஒன்று தடித்தது, சிப்பியை நொறுக்க, இன்னொன்று மெலிந்தது, வெட்டிப் பிய்க்க. நொறுக்கும் கொடுக்கு பெரும்பாலும் வலப் பக்கம். இரண்டையும் இழந்த நண்டு சிப்பியைத் திறக்க வழியில்லாமல், கிடைப்பதைப் பொறுக்கித் தின்று காலம் தள்ள வேண்டும். 1970களில் செய்த ஒரு சோதனையில் இரண்டு கொடுக்கும் எடுக்கப்பட்டவற்றில் 47 சதவீதம் செத்தன. ஒன்று மட்டும் எடுக்கப்பட்டவற்றில் 28 சதவீதம். கேப்டன் அந்த ஆய்வைப் படித்தவரில்லை. ஒரு கொடுக்குதான் என்று சட்டமே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சொல்லியிருந்தால் பொறி வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு வருமானம் குறைந்திருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இந்த எண்ணம் மாறவில்லை.

மயாமி பீச்சில் ஜோ வைஸ் என்பவர் 1913இல் தொடங்கிய கடைதான் இந்தக் கொடுக்கை ஊரறியச் செய்தது என்பார்கள். குளிர வைத்த கொடுக்கு, கடுகுச் சாறு. அதுதான் அந்த நாட்டு முறை. எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. பின்கட்டில் நட்ட கறிவேப்பிலை மரம் ஃபுளோரிடா வெயிலில் கூரைக்கு மேல் வளர்ந்திருந்தது. சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டு, மிளகும் சோம்பும் இடித்து, கொடுக்கின் ஓட்டைக் குழவியால் ஒரு விரிசல் மட்டும் விழும்படி தட்டி, இரும்புச் சட்டியில் பிரட்டுவாள். கேப்டன் முதல் தடவை சாப்பிட்டபோது நெற்றியெல்லாம் வியர்வை. துடைத்துக்கொண்டே சாப்பிட்டார். அதன் பிறகு பருவம் தொடங்கினால் கடுகுச் சாறு பற்றி அவர் பேசவில்லை. கறிவேப்பிலை மரம் எப்படி இருக்கிறது என்று கேட்பார்.

ஸ்கைவேயில் நீரோட்டம் சரியில்லாத நாட்களில் எக்மாண்ட் தீவுக்குப் போவோம். விரிகுடாவின் வாயில் கிடக்கும் சிறிய தீவு. 1858இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. ஸ்பெயினோடு போர் நடந்த 1898ஐ ஒட்டி அங்கே டேட் கோட்டையைக் கட்டினார்கள். செங்கல் பாவிய தெருக்களோடு ஒரு சிற்றூரே இருந்தது. 1923இல் கைவிட்டுவிட்டார்கள். தீவின் மேற்குக் கரையைக் கடல் தின்றுகொண்டே வந்து, பீரங்கி மேடைகள் தண்ணீருக்குள் போய்விட்டன. பீரங்கி நின்ற கான்கிரீட் சுவர்களின் விரிசலில் கல்நண்டு குடியிருந்தது. நண்டுக்கு அது கோட்டையா பாலமா என்ற கணக்கில்லை. முதுகைச் சாய்க்க ஒரு கல்லும், முன்னால் தோண்ட மணலும் போதும். தம்பி அந்தச் சுவரோரம் கை வைத்து மெல்ல நகர்ந்து போவது இன்றும் கண்ணில் நிற்கிறது. பக்கத்துக் கால்வாயில் கப்பல் போனால் அதன் இயந்திர ஓசை தண்ணீர் முழுக்க நிறையும். எந்தத் திசை என்று சொல்ல முடியாது. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு அது கடக்கும் வரை காத்திருப்போம்.

நல்ல காலநிலை வாய்த்தால் வெளிக்கடலுக்குப் போவோம். அந்தக் கரையில் கடலடி வெகுதூரம் தட்டை. சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லிய மணல். எங்கேயோ ஓரிடத்தில் கல் இடுப்பளவு உயர்ந்து ஒரு விளிம்பு நிற்கும். முப்பது, நாற்பது அடி ஆழம். கடற்பஞ்சுகள், விசிறிகள், விளிம்புக்கு அடியில் வரிசையாகப் பொந்துகள். வாடைக்காற்று அடங்கிச் சில நாள் போயிருந்தால் தண்ணீர் தெளிந்து பத்துப் பதினைந்து வாசல்களை ஒரே பார்வையில் பார்க்கலாம்.

அங்கேதான் எனக்கு நண்டுகள் தெரிந்தவர்களானது. கொடுக்கின் உள்பக்கத்தில் ரேகைகள் இருக்கும், கட்டை விரல் ரேகை அளவுக்கு நெருக்கமாக. ஓட்டின் விளிம்பில் அதை உரசி நண்டு ஓசை எழுப்பும். பிறந்ததிலிருந்து இருக்கும் கொடுக்கில் அந்தக் கோடுகள் முறியாமல் ஓடும். ஒருமுறை இழந்து மீண்டும் வளர்ந்த கொடுக்கில் கோடுகள் துண்டு துண்டாக, புள்ளியும் கோடுமாக இருக்கும். வளர்ந்த நண்டு பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் ஓடு கழற்றும்; புதுக் கொடுக்கு பழைய அளவுக்கு வர மூன்று ஆண்டு வரை ஆகும். ஒரு பொந்தில் சின்னக் கொடுக்கோடு பார்த்த நண்டின் அளவிலேயே ஒன்றை அடுத்த பருவத்தில் அதே பொந்தில், சற்றே பெருத்த கொடுக்கோடு பார்ப்போம். ரேகை உடைந்திருக்கும். கேப்டன் விளக்கை அதன்மேல் வைத்து எங்களைத் திரும்பிப் பார்ப்பார். முகமூடிக்குள் கண்கள் விரிந்திருக்கும். அதே நண்டுதான் என்று அறிவியலாக நிரூபிக்க முடியாது. நாங்கள் நம்பினோம். அந்த நண்டை அளவு வந்தாலும் தொடமாட்டோம். ஒரு முறை கொடுத்துவிட்டது, போதும் என்பார் மேலே வந்ததும்.

அந்த விளிம்புகளுக்கு வழி கேப்டனின் நோட்டில் இருந்தது. ஜிபிஎஸ் கைக்கு வருவதற்கு முந்தைய காலம். கரையிலுள்ள லோரான் நிலையங்கள் அனுப்பும் வானொலித் துடிப்புகள் படகுக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தை ஒரு கருவி எண்ணாகக் காட்டும். இடத்துக்கு இரண்டு ஐந்திலக்க எண்கள். அவற்றைப் பென்சிலில் எழுதி, பக்கத்தில் அவருக்கு மட்டும் விளங்கும் பெயர் போட்டு வைத்திருந்தார்: பாட்டி வீடு, இரட்டை வாசல், மழை நாள் கல். நோட்டை யாருக்கும் காட்ட மாட்டார். அந்தக் கரையில் ஒருவருடைய எண்களைக் கேட்பது நாகரிகமில்லை. 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ஸில் வைத்திருந்த செயற்கைப் பிழையை எடுத்துவிட்ட பிறகு கருவி வாங்கிய எவரும் எந்தப் பாறைக்கும் நேராகப் போகலாம் என்றாயிற்று. நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்னால் அங்கே இரண்டு படகு நிற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பொந்தில் இரண்டு கொடுக்கும் இல்லாத நண்டுகளைப் பார்க்கத் தொடங்கியதும்.

2005இல் வந்தது செந்நீர். அங்கே ரெட் டைட் என்பார்கள். கரேனியா பிரெவிஸ் என்ற நுண்பாசி பெருகி, அதன் நஞ்சு தண்ணீரிலும் காற்றிலும் கலக்கும். கரையில் நின்றாலே இருமல் வரும். ஃபுளோரிடாவின் மேற்குக் கரைக்கு அது புதிதல்ல. ஆனால் அந்தக் கோடையில் கடலடியில் பிராண வாயுவும் தீர்ந்துபோய், அடித்தளமே செத்தது. பருவம் தொடங்கியதும் பாட்டி வீட்டுக்கு இறங்கினோம். கடற்பஞ்சுகள் கறுத்துச் சரிந்திருந்தன. தொட்டால் கையோடு உதிர்ந்தன. பொந்துகளின் முன்னால் சிப்பி ஓடுகள் இருந்தன. அவற்றின் மேல் சாம்பல் படலம். ஒரு வாசல் விடாமல் விளக்கை அடித்துப் பார்த்தோம். மூன்றாவது பொந்தில் தேரை மீன்கூட இல்லை. கேப்டன் விளிம்பின் முழு நீளத்தையும் ஒருமுறை நீந்திப் போய்விட்டுத் திரும்பினார். காற்று பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. ஏறிவிடலாம் என்று கட்டைவிரலைக் காட்டினார்.

அந்தப் பாறைகளில் பிறகு உயிர் திரும்பியது, மெதுவாக. நண்டும் வந்தது. ஆனால் வந்தவை எல்லாம் எங்களுக்குப் புதியவை. எந்தக் கொடுக்கிலும் உடைந்த ரேகை இல்லை. இதை நான் கேப்டனிடம் சொன்னேன். “தெரியும். நானும் பார்த்தேன்” என்றார்.

லோரான் நிலையங்களை 2010 பிப்ரவரியில் அணைத்தார்கள். கேப்டன் அதன் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. நோட்டு என்னிடம் வந்தது. அவர் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். எண்களை ஜிபிஎஸ் அளவுக்கு மாற்றித் தரும் கணக்குகள் உண்டு. ஆனால் மாற்றினால் பாறை சற்றே தள்ளிப் போய்விடும். கண் தெரியாத தண்ணீரில் அந்தத் தள்ளலே போதும், நாள் முழுக்க மணலை மட்டும் பார்த்துக்கொண்டு நீந்தலாம். நானும் தம்பியும் சில விளிம்புகளைத் தேடி எடுத்தோம். சிலவற்றை எடுக்கவே முடியவில்லை. மழை நாள் கல் எங்கே இருக்கிறது என்று இன்று உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது.

2017 கடைசியில் தொடங்கிய செந்நீர் 2019 தொடக்கம் வரை நீடித்தது. 2018 அக்டோபரில் பொறிகளை இழுத்தவர்கள் வெறும் பொறிகளை இழுத்தார்கள். 1990களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு முப்பது லட்சம் பவுண்டு கொடுக்குவரை இறங்கிய கரை அது. பின்னாளில் இருபது லட்சத்தை ஒட்டி வந்து நின்றது. நாங்கள் ஊருக்குக் கிளம்பியதும் அந்தச் சமயத்தில்தான். சிலிண்டரில் காற்று நிரப்பித் தந்த கடை அதற்கு முன்பே மூடிவிட்டது. கறிவேப்பிலை மரத்தை வெட்டிவிடாதீர்கள் என்று வீட்டை வாங்கியவர்களிடம் என் மனைவி கேட்டுக்கொண்டாள்.

மற்றதெல்லாம் தம்பி தொலைபேசியில் சொன்னது. 2020இல் அளவை 2⅞ அங்குலமாக உயர்த்தினார்கள். பருவத்தை மே 1இல் முடித்தார்கள். நல்ல முடிவு. இருபது வருடம் முன்பே எடுத்திருந்தால் இன்னும் நல்லது. 2021இல் பைனி பாயின்டில் பழைய பாஸ்பேட் ஆலையின் தேக்கம் கசிந்து, உடையாமலிருக்க அதிலிருந்த 21 கோடி கேலனுக்கு மேற்பட்ட கழிவுநீரை விரிகுடாவில் திறந்துவிட்டார்கள். அந்தக் கோடையில் செந்நீர் விரிகுடாவுக்குள்ளேயே வந்து நின்றது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கரையில் செத்த மீனை வண்டி வண்டியாக அள்ளினார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டான். 2024 செப்டம்பர் 26இல் ஹெலீன் புயல். அக்டோபர் 9இல் மில்டன். பருவம் தொடங்க ஆறு நாள் இருந்தது. கேப்டனின் படகு கட்டிக் கிடந்த துறையில் பலகை ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றான்.

அவனுடைய மகள் அங்கேயே பிறந்தவள். கல்லூரிக்குப் போகிறாள், அப்பாவோடு கடலில் இறங்குகிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தேன். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள்.

“பெரியப்பா, ‘பாட்டி வீடு’க்குப் போனோம். எண்ணை நான் திருத்திப் போட்டேன். சரியா அதே இடந்தான், அப்பா சொல்றாரு. ஆனா விளிம்பே இல்ல. புயல்ல மணல் வந்து மூடிருச்சு. கல்லோட மேல்முனை மட்டும் ஒரு சாண் தெரியுது.”

“எந்தப் பக்கம் தெரியுது?”

“வடக்குப் பக்கம்.”

“அப்போ அங்கிருந்து தெற்கே பார்த்து நில்லு. முதல் வாசல் காலடியிலேயே இருக்கும். அகலமானது. அதில் இருந்தது வலக் கொடுக்கு திரும்ப வளர்ந்த ஆண் நண்டு. குழாயை நீட்டினால் பிடிக்காது, பொறுத்துத்தான் எடுக்க வேண்டும். எடுக்க மாட்டோம், சும்மா பார்ப்போம். அடுத்தது கொஞ்சம் தள்ளி, கடற்பஞ்சுக்குப் பின்னால். அதில் ஒவ்வொரு நவம்பரிலும் முட்டையோடு ஒன்று இருக்கும்.”

“சரி பெரியப்பா. எழுதிக்கிறேன். அடுத்தது?”

“அடுத்தது மூன்றாவது. அது தேரை மீனோடது. அதுக்குள்ள கையைப் போட்டுடாதம்மா.”